பழைய டிராக்டரில் துருப்பிடித்த மேனிபோல்டு நட்டுகளை உடையாமல் கழற்றுவது எப்படி?

கடலூர், பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவமழை ஈரமும் சேர்ந்து இரும்பை வேகமாக அரிக்கின்றன. சம்பா அறுவடைக்கு முன் பழைய டிராக்டரைத் தயார் செய்யும் விவசாயிகளுக்கு அதிகம் தொல்லை தருவது, சைலன்சர் பொருந்தியிருக்கும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் நட்டுகள்தான்.

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது 'டிக் டிக்' சத்தம் கேட்டு, சூடானதும் குறைந்தால், அல்லது இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் கேஸ்கட் போய்விட்டது என்று பொருள். இதை அப்படியே விடக் கூடாது. அந்த இடத்தில் வைக்கோல் தூசி சேர்ந்தால் தீப்பிடிக்கலாம். மூடிய கொட்டகையில் ஓடும் டீசல் பம்பு செட்டில் இதே கசிவு இருந்தால், நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளேயே தேங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

மேனிபோல்டு ஒவ்வொரு முறையும் பல நூறு டிகிரி சூடாகி ஆறுவதால் மரையில் இருந்த எண்ணெய்ப் பசை எரிந்துவிடுகிறது. துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் மரை இறுகிவிடுகிறது. இந்த நிலையில் ஸ்பேனரில் குழாயைச் செருகி பலமாகத் திருகினால் நட்டு வராது, ஸ்டட்தான் முறியும். நட்டு சில ரூபாய்தான். ஸ்டட் சிலிண்டர் ஹெட்டுக்குள் முறிந்தால் ஹெட்டையே கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டியிருக்கும். அறுவடை நேரத்தில் பணத்தைவிட அந்த நாட்களின் இழப்பே பெரிது.

எனவே வேலையை முதல் நாள் மாலையே தொடங்கவும். இன்ஜின் நன்றாக ஆறிய பின் பேட்டரி இணைப்பைக் கழற்றி, வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷால் தேய்க்கவும். துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து, ஸ்டட்டின் நுனியில் சிறு சுத்தியலால் லேசாகத் தட்டினால் எண்ணெய் உள்ளே இறங்கும். இரவுக்குள் இரண்டு மூன்று முறை இப்படிச் செய்யவும். காலையில் ஆறுமுனை பாக்ஸ் ஸ்பேனரை மட்டும் பயன்படுத்தவும். திருகுக் குறடு நட்டின் முனைகளை மழுங்கடித்துவிடும். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு இம்மி திருப்பி, பிறகு கழற்றும் பக்கம் திருப்பவும். கால் சுற்று வந்தால், திரும்ப அரைக்கால் சுற்று உள்ளே விட்டு, மீண்டும் வெளியே எடுக்கவும். பொறுமைதான் இதில் பாதி வேலை.

அப்படியும் அசையாவிட்டால் சூடு கொடுக்க வேண்டும். எண்ணெயை முழுவதும் துடைத்து, டீசல் குழாயை ஈரச் சாக்கால் மறைத்து, வைக்கோலை அப்புறப்படுத்திய பிறகே கேஸ் சுடரைப் பற்ற வைக்கவும். ஸ்டட்டை அல்ல, நட்டை மட்டும் மங்கலாகச் சிவக்கும் வரை சூடாக்கவும். நட்டு விரிந்து துருவின் பிடி விடும். சிவப்பு மறைந்ததும் மரையில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி உள்ளே ஓடும். சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

ஸ்டட் முறிந்து கொஞ்சம் வெளியே நீண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருப்பலாம். வெல்டிங் சூடே துருவை இளக்கிவிடும். உள்ளேயே முறிந்திருந்தால் வீட்டில் டிரில் போட முயல வேண்டாம். துளை கோணலானால் ஹெட்டின் மரை கெடும். லேத் பட்டறைக்கு அனுப்புவதே நல்லது. பழைய அம்பாசிடர் கார் வைத்திருப்போருக்கும் இதே முறைதான்.

திரும்பப் பொருத்தும்போது மேனிபோல்டின் முகம் நேராக இருக்கிறதா என்று இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்த்து, புதிய கேஸ்கட் போடவும். பித்தளை நட்டு கிடைத்தால் அதையே வாங்கவும். அது ஸ்டட்டோடு துருவேறி ஒட்டாது. மரையில் சாதாரண கிரீஸ் எரிந்துவிடும், செம்பு கலந்த ஆன்டி-சீஸ் பசை தாங்கும். நடுவிலிருந்து இரு ஓரங்களுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்கவும். ஒரு நாள் ஓட்டி, இன்ஜின் ஆறிய பின் எல்லா நட்டுகளையும் மறுபடி ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்க்கவும்.