எண்ணை அச்சிடும் எழுத்து: பி மொழியின் பிரின்ட்எஃப் குறித்து ஒரு மறுவாசிப்பு

அச்சிடும் செயல்கூறான பிரின்ட்எஃப்பின் வடிவக்குறிகள் பிசிபிஎல் மொழியில் தோன்றி, பி வழியாகச் சி மொழிக்கு வந்தன என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. டென்னிஸ் ரிட்சி 1993இல் எழுதிய சி மொழி வரலாறு இதற்கு வலுச் சேர்க்கிறது. பிசிபிஎல்லை 8 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கும்படி கென் தாம்சன் தம் போக்கில் சுருக்கியதே பி என்பது ரிட்சியின் வாசிப்பு. மொழியின் இலக்கணத்துக்கு அது பொருந்தும். எண்ணை அச்சிடும் முறைக்கு முழுதாகப் பொருந்தாது.

பிசிபிஎல்லின் அச்சிடும் செயல்கூறான ரைட்எஃப்பில் ‘%என்’ எண்ணுக்கு வேண்டிய அளவு இடத்தை மட்டும் எடுக்கும். ‘%ஐ4’ நான்கு இட அகலத்தில் அச்சிடும். அகலம் குறிக்கும் வழக்கம் 1956ஆம் ஆண்டு ஃபோர்ட்ரான் கையேட்டிலேயே உண்டு. பியின் பிரின்ட்எஃப்பில் அகலம் இல்லை. இந்த இழப்பைச் சுருக்கம் என்று சொல்லலாம். ஆனால் ‘என்’ இருந்த இடத்தில் ‘டி’ வந்ததால் நினைவகத்தில் ஒரு பைட்டும் மிச்சமாகவில்லை. அது சுருக்கம் அல்ல, வேறொரு பார்வை. ‘டி’ பதின்மத்தையும் ‘ஓ’ எண்மத்தையும் குறிப்பவை. இரண்டும் அடிமானத்தின் பெயர்கள். ரைட்எஃப் இந்த வடிவை எந்த ஆண்டில் பெற்றது என்பது முடிவாகாததால், வாதத்தின் பாரத்தை இந்த ஒப்பீட்டின்மேல் மட்டும் ஏற்ற முடியாது.

உறுதியான சான்று 1972 ஜனவரி 7 தேதியிட்ட பி கையேட்டில் இருக்கிறது. பிரின்ட்எஃப்பின் முழு நிரலும் அதில் எடுத்துக்காட்டாக அச்சாகியுள்ளது. ‘டி’க்கும் ‘ஓ’வுக்கும் அங்கே தனித்தனிக் கிளைகள் இல்லை. இரண்டும் ஒரே கிளையில் நுழைகின்றன. மதிப்பு சுழியத்துக்குக் கீழே இருந்தால் கழித்தல் குறி அச்சாகி, எண் நேர்மமாக்கப்படுகிறது. பிறகுதான் எழுத்து ‘ஓ’வா என்று பார்த்து, அடிமானம் 8 அல்லது 10 எனத் தேர்வாகிறது. தெரியாத எழுத்து வந்தால் நிரல் சதவீதக் குறியை அச்சிட்டு, எடுத்த மதிப்பையும் திருப்பி வைத்துவிடுகிறது.

இதன்படி −1ஐ ‘%ஓ’ கொண்டு அச்சிட்டால் பியில் −1 என்றே வரும். 1978இல் வந்த கெர்னிகன்–ரிட்சியின் சி மொழி நூலிலோ ‘%ஓ’ குறியற்ற எண்மம். 16 பிட் பிடிபி-11 கணினியில் அதே −1 அங்கே 177777 ஆகிறது. பியில் அடிமானத்தை மட்டும் சொன்ன எழுத்து, சியில் மதிப்பின் தரவினத்தையும் சேர்த்துச் சொல்கிறது. பியில் எல்லா மதிப்பும் ஒரே அளவுள்ள இயந்திரச் சொல் என்பதால் தரவினத்தைச் சொல்ல அங்கே தேவையே எழவில்லை. இந்த மாற்றம் 1972க்கும் 1978க்கும் இடையே நிகழ்ந்தது என்பதற்குமேல் ஆண்டைக் குறுக்க நான் துணியவில்லை.

ரிட்சியின் தொடர்ச்சிக் கதையில் இந்த முறிவு மறைந்துபோகிறது. பின்னால் வந்த சிக்கல்களோ இங்கிருந்துதான் கிளைத்தன. வடிவக்குறியும் தரவினமும் முரண்பட்டால் விளைவு வரையறுக்கப்படாதது என்று சியின் 1989 தரநிலை விதித்தது. 64 பிட் லினக்ஸில் ‘லாங்’ தரவினம் 64 பிட். 64 பிட் விண்டோஸில் 32 பிட். அதனால் 64 பிட் எண்ணுக்கு ‘%எல்டி’ ஓரிடத்தில் சரியாகவும் இன்னோரிடத்தில் பிழையாகவும் ஆகிறது. 1999 தரநிலை ‘%எல்எல்டி’, ‘%இசட்யூ’ போன்றவற்றைச் சேர்த்தது, அடிமானம் சுட்டப் பிறந்த எழுத்தின்மேல் தரவினச் சுமையை ஏற்றியதன் விலை.

ஆகவே சியில் வடிவக்குறியைத் தேர்வோர் எண் எப்படித் தெரிய வேண்டும் என்பதிலிருந்து தொடங்கக் கூடாது. மாறி எந்தத் தரவினத்தில் அறிவிக்கப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அடிமானமும் அகலமும் அதற்குப் பிறகே.