கைப்பிடியிலிருந்து சாவி வரை

சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்புவது ஆரம்பத்திலிருந்தே இருந்த வசதி அல்ல. 1908இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் கொண்டுவந்த மாடல் டி காரை, முன்பக்கம் உள்ள கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். அதற்கு முன் ஸ்டியரிங் அருகே உள்ள நெம்புகோலை நகர்த்தி, தீப்பொறி தாமதமாக விழும்படி வைக்க வேண்டும். மறந்தால் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். அந்த வேகத்தில் கையே உடையலாம்.

ஆனால் வண்டி கிளம்பாவிட்டால் காரணத்தைக் கையும் காதுமே சொல்லிவிடும். சுழற்றும்போது மரப்பெட்டிக்குள் காயில்கள் ரீங்காரமிடும். சத்தம் இல்லையென்றால் கோளாறு மின்சாரத்தில். சத்தம் இருந்தும் கிளம்பவில்லையென்றால் பெட்ரோலைப் பார்க்க வேண்டும். கைப்பிடி தடையே இல்லாமல் சுழன்றால் சிலிண்டரில் அழுத்தம் இல்லை.

இந்த ஆபத்தை நீக்கியவர் சார்லஸ் கெட்டரிங். முன்பு கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் அமைத்தவர் அவர். சில நொடிகளே ஓடும் என்றால் சிறிய மோட்டாரும் பெரிய சுமையைத் தாங்கும் என்பதே அவர் கண்ட சூட்சுமம். அவருடைய ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. மாடல் டிக்கு 1919இல்தான் வந்தது. 1925இல் 281 டாலருக்கு வந்த ஃபோர்டின் முதல் பிக்கப்பும் மாடல் டி வகையே.

ஸ்டார்ட்டர் வந்தபின் சோதிக்கும் வரிசை மாறியது. பழைய பிக்கப் கிளம்பாவிட்டால் இன்று மெக்கானிக் முதலில் பார்ப்பது பேட்டரியையும் அதன் முனைகளையும்தான். எஞ்சின் நன்றாகச் சுழல்கிறது என்றால் மிஞ்சுவது அதே பழைய கேள்விகள்: தீப்பொறி வருகிறதா? பெட்ரோல் வருகிறதா? அழுத்தம் இருக்கிறதா?