இளவெயிலும் கைகால் பயிற்சியும்: குழந்தை நலத்தில் ஒரு வரலாறு

நம் அந்தியூர் வட்டாரத்தில் பிள்ளை பெற்ற வீட்டுக்குக் காலையில் போனால், அம்மிச்சி கால்களை நீட்டி உட்கார்ந்து, எண்ணெய் தடவிய சிசுவைக் கால்மேல் கிடத்தி, கைகால்களை நீவி மடக்கி விடுவதைக் காணலாம். குளிப்பாட்டிய பின் வாசலில் இளவெயில் காட்டுவதும் உண்டு. ஆகவே ஒளியும் பயிற்சியும் குழந்தைக்கு வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. அவை மருத்துவமாக வளர்ந்த கதையைப் பங்கு மக்கள் அறிந்திருப்பது நலம்.

ஒளியை முறையான சிகிச்சையாக்கியவர் டென்மார்க் நாட்டு நீல்ஸ் ஃபின்சன். தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1919-இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், எலும்பு மெலிந்து கால் வளையும் ரிக்கெட்ஸ் நோயைப் புற ஊதாக் கதிர் விளக்கினால் தீர்க்கலாம் என்று காட்டினார். நம் நாட்டிலும் நாசிக் பகுதியில் ஹட்சிசன், ஷா என்னும் இருவர் ஆராய்ந்து, 1922-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த வசதியுள்ள குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வந்தது. வெயிலில் திரிந்த ஏழைக் குழந்தைகளுக்கு வரவில்லை!

அடுத்த அத்தியாயம் இங்கிலாந்தில் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் 1956-இல் தொடங்கியது. குறைமாதக் குழந்தைகளைக் கவனித்து வந்த வார்டு என்ற செவிலியர், வெயில் நாட்களில் அவர்களை முற்றத்துக்கு எடுத்துச் செல்வார். ஒரு நாள் மஞ்சள் காமாலை கண்ட குழந்தை ஒன்றின் உடலில் மஞ்சள் வெளுத்திருக்க, துணியின் முனை மூடிய இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததை மருத்துவரிடம் காட்டினார். அந்தக் கூரிய பார்வையே வித்தாயிற்று. கிரெமர் முதலியோர் நீல ஒளி விளக்கை அமைத்து 1958-இல் ஆய்வை வெளியிட்டனர். நீல ஒளி, தோலில் தங்கும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளை, உடல் எளிதில் வெளியேற்றும் வடிவுக்கு மாற்றிவிடுகிறது.

இதைக் கவனியாது விட்டால் நேர்வது என்ன? மிகுந்த மஞ்சள் மூளையில் படிந்தால் உயிர் போகலாம். பிழைத்தாலும் செவிப்புலன் குன்றி, மூளை முடக்குவாதம் வரலாம். அப்போது ஒளியால் பயனில்லை; பயிற்சியே துணை.

அத்துறையிலும் நம் தமிழகம் பின்தங்கவில்லை. 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே பணியாற்றி, 1966-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கமும், சென்னையில் 1985-இல் இன்று வித்யா சாகர் எனப்படும் நிறுவனமும் தோன்றின. 2013-இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தை நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இலவசமாகப் பயிற்சி தரப்படுகிறது. மூளை இளகியிருக்கும் முதல் ஆண்டுகளில் தொடங்கும் பயிற்சிக்கே பலன் அதிகம்.

பிரசவ அறையை இருட்டாக வைப்பது சில வீடுகளில் வழக்கம். இருட்டில் மஞ்சள் தெரியாது. பிறந்த குழந்தையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முதல் நாளிலேயே மஞ்சள் கண்டாலும், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளித்தாலும், பால் குடியாமல் துவண்டாலும், கீழாநெல்லியோ கயிறோ தேடாமல் அன்றே மருத்துவமனை செல்லுங்கள். வாசல் வெயில் அதற்குப் போதாது. கழுத்து நிற்கவோ உட்காரவோ தாமதமானால் பிள்ளையை உள்ளே ஒளித்து வைக்காதீர்கள். அது யாருடைய பாவமும் அன்று, சாபமும் அன்று. அம்மிச்சியின் அன்பும் மருத்துவரின் அறிவும் சேர்ந்தால் நம் பிள்ளைகள் நிமிர்ந்து நடப்பார்கள்.