இன்ஜின் தட்டும் சத்தமும் பெட்ரோலில் கலந்த ஈயமும்



வீட்டில் பழைய அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ இருந்தவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும். மேடு ஏறும்போது இன்ஜின்ல இருந்து "டக்டக்டக்"னு ஒரு சத்தம் வரும். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டரை லேசாத் திருப்பி டைமிங்கைப் பின்னுக்கு வைப்பார். கார்புரேட்டரையும் ஒரு தடவை பார்ப்பார். சத்தம் நின்னுடும்.

அந்தச் சத்தத்துக்குப் பேர் நாக்கிங்.

பிஸ்டன் மேலே வந்து சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஸ்பார்க் விழணும். ஏன்னா பெட்ரோல் எரிய நேரம் எடுக்கும். ரொம்ப முன்னாடியே விழுந்தா அழுத்தமும் சூடும் எகிறும். மிச்சமிருக்கும் பெட்ரோல் தானாவே வெடிக்கும். கலவையில் காற்று கூடி பெட்ரோல் குறைஞ்சாலும் இதே பிரச்சினை வரலாம்.

டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினா சத்தம் அடங்கும். ஆனா இழுவையும் குறையும். கார் கம்பெனிகளுக்கு வேண்டியது இழுவை.

1921 டிசம்பர் 9. அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகம். தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளர் பெட்ரோலில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைத் துளி கலந்தார். நாக்கிங் நின்னுபோச்சு.

எத்தனால் கலந்தாலும் நாக்கிங் குறையும்னு அவங்களுக்குத் தெரியும். ஆனா ஈயம் ரொம்பக் கொஞ்சம் போதும், காப்புரிமையும் கையில் இருக்கும். 1923ல் விற்பனைக்கு வந்தது. வச்ச பேர் "எத்தில்". பேர்ல ஈயமே இல்லை பாருங்க!

1924 அக்டோபர். நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இதைத் தயாரித்த தொழிலாளர்களுக்குப் புத்தி பேதலிச்சது. 5 பேர் இறந்தாங்க. அதே மாசம் மிட்ஜ்லி செய்தியாளர்கள் முன்னாடி அந்தத் திரவத்தில் கையைக் கழுவி, முகர்ந்தும் காட்டினார். அதுக்கு முந்தின வருஷம்தான் ஈய பாதிப்பால் அவரே ஓய்வெடுத்துட்டு வந்திருந்தார்.

1925ல் வாஷிங்டனில் கூட்டம் நடந்தது. ஹார்வர்டின் முதல் பெண் ஆசிரியரான டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் எச்சரித்தார். ஆனா மறு வருஷம் அரசுக் குழு, தடை செய்யப் போதிய காரணம் இல்லைன்னு சொல்லிடுச்சு. சாட்சி சேர அரை நூற்றாண்டு ஆச்சு.

1965ல் கிளேர் பேட்டர்சன் என்ற புவிவேதியியலாளர், மனுஷ உடம்பில் இருக்கும் ஈயம் இயற்கையான அளவைவிடப் பல மடங்கு அதிகம்னு எழுதினார். 1979ல் டாக்டர் ஹெர்பர்ட் நீடில்மேன் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அளந்தார். பல்லில் ஈயம் கூடுதலா இருந்த பிள்ளைகள் நுண்ணறிவுத் தேர்வில் பின்தங்கினாங்க. பார்த்தா எந்த நோயும் இல்லாத பிள்ளைகள்!

இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நின்றது. கடைசி நாடு அல்ஜீரியா, 2021.

ஒரு மருத்துவரா எனக்கு உறைப்பது இதுதான். சத்தம் ஒரு அறிகுறி. அதை அடக்கிட்டோம். அதுக்கான விலையை காரே இல்லாத வீட்டுப் பிள்ளையும் மூளையால் கட்டிச்சு.

பெட்ரோலில் ஈயம் போயாச்சு. பழைய பெயின்ட்டிலும், பேட்டரி உருக்கும் இடங்களிலும் இன்னும் இருக்கு. ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது. பழைய பெயின்ட் உதிரும் சுவர்கிட்ட உங்க குழந்தை விளையாடினா, இன்னைக்கே இடத்தை மாத்துங்க.