உயிர் காத்தோர்க்கு ஒரு பதக்கம்

போர்க்களத்தில் பகைவரை வென்றோர்க்குப் பட்டமும் பரிசும் அளித்தல் எந்நாட்டு வரலாற்றிலும் உண்டு. நீரில் தத்தளிக்கும் முன்பின் அறியாத ஒருவரைக் காக்கத் தம் உயிரைப் பணயம் வைப்போரும் வீரரே அல்லரோ? இவ்வினாவிற்கு இங்கிலாந்து விடை கண்ட வரலாறு நாம் அறியத்தக்கது.

1774ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வில்லியம் ஹாஸ், தாமஸ் கோகன் என்னும் மருத்துவர் இருவர் ஒரு சங்கம் கண்டனர். நீரில் மூழ்கி மூச்சடங்கியோர் யாவரும் இறந்தோர் அல்லர். உடனே முயன்றால் பலரைப் பிழைப்பிக்கலாம் என்பது அவர்தம் கொள்கை. அவ்வாறு முயன்றோர்க்குச் சங்கம் பணம் அளித்தது. விளைந்தது யாது? ஒருவன் மூழ்குவதுபோல் நடிப்பான். மற்றொருவன் காப்பதுபோல் நடிப்பான். இருவரும் பரிசைப் பங்கிட்டுக் கொள்வர்! ஆகவே, பணத்தின் இடத்தைப் பதக்கமும் நற்சான்றும் படிப்படியாகப் பெற்றன. ராயல் ஹியூமேன் சொசைட்டி எனப் பின்னர்ப் பெயர் பெற்ற அச்சங்கம், விக்டோரியா மகாராணியார் அரியணை ஏறிய 1837ஆம் ஆண்டில் வெண்கலப் பதக்கத்தை ஏற்படுத்திற்று. அணைந்த தீவட்டியைச் சிறுவன் ஒருவன் ஊதும் உருவம் அதிற் காணப்படும். சிறு பொறி ஒன்றேனும் உள்ளே ஒளிந்திருக்கக்கூடும் என்பது அதன் பொருள்.

மறு ஆண்டே, 1838 செப்டம்பர் 7ஆம் நாள், 'பார்பர்ஷயர்' என்னும் நீராவிக்கப்பல் வடகடற் பாறையில் மோதி உடைந்தது. கலங்கரை விளக்கக் காவலரும் அவர்தம் 22 வயது மகள் கிரேஸ் டார்லிங்கும் கொந்தளிக்கும் கடலில் சிறு படகைச் செலுத்தினர். அன்று அப்பாறையிலிருந்து 9 பேர் மீட்கப்பட்டனர். தந்தைக்கும் மகளுக்கும் வெள்ளிப் பதக்கங்கள் கிடைத்தன.

மறைந்த தம் கணவரின் பெயரால் மகாராணியார் 1866இல் ஆல்பர்ட் பதக்கத்தை நிறுவினார். அதனை முதலிற் பெற்றவர் பிரபு அல்லர்; சாமுவேல் பாப்பிள்ஸ்டோன் என்னும் குத்தகை விவசாயி. இர்வெல் ஆற்றின் அழுக்கு நீரில் பலமுறை குதித்து 50 பேருக்கு மேல் மீட்ட மார்க் ஆடி என்பார் 1879இல் அதனைப் பெற்றார்.

இவை அனைத்தினும் என் உள்ளத்தைத் தொட்டது மற்றொன்று. 1873இல் 'ரஷ்யா' என்னும் கப்பலிலிருந்து மாலுமி ஒருவர் அட்லாண்டிக் கடலில் விழுந்தார். மாத்யூ வெப் உடனே குதித்துத் தேடினார். விழுந்தவர் அகப்படவே இல்லை. எனினும், அவ்வாண்டு ஏற்பட்ட ஸ்டான்ஹோப் தங்கப் பதக்கம் முதன்முதல் வெப்புக்கே வழங்கப்பட்டது. பிறப்பும் பதவியும் மட்டுமன்றி, வெற்றியுங்கூட அங்கே அளவுகோல் ஆகவில்லை. துணிந்த உள்ளமே அளவுகோல் ஆயிற்று. இரண்டாண்டுகளுக்குப்பின் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்து உலகப்புகழ் பெற்றவரும் இவரே.

நம் நாட்டிலும் 1961இல் ஜீவன் ரக்ஷா பதக்கங்கள் ஏற்பட்டன. ஆயினும், பதக்கம் காணாத வீரர் எத்துணையரோ! இளமையில் ஊர்க்குளத்தில் மூழ்கிய என்னை முடியைப் பற்றி இழுத்துக் கரைசேர்த்தவர் ஒரு சலவைத் தொழிலாளி. என் தாயார் நீட்டிய பணத்தை அவர் பெற மறுத்துவிட்டார். இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் அவர் முகமே என் கண்முன் நிற்கின்றது.

அன்பர்களே! குழாய் நீரையே கண்டு வளரும் நம் காலனிப் பிள்ளைகளுள் நீந்தத் தெரிந்தோர் மிகச் சிலரே. பாட்டுக்கும் பேச்சுக்கும் பரிசளிக்கும் நம் சங்கம், அவர்களுக்கு நீச்சலும் கற்பிக்க முன்வருமாயின், அது அத்தொழிலாளி போன்றோர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.