புதுச்சேரி மீதான பொருளாதாரத் தடை (1949–1954)

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்ததைப் போராட்டங்களின் வரலாறாகவே பெரும்பாலும் படிக்கிறோம். அதில் சுங்கச்சாவடிகளுக்கும் பங்கு உண்டு. இந்திய அரசு படை அனுப்பாமல், வணிகத்தையும் போக்குவரத்தையும் கட்டுப்படுத்தியே பிரெஞ்சு ஆட்சியை நெருக்கியது.

சிதறிய நிலப்பரப்பு

புதுச்சேரி ஒரே துண்டான நிலம் அன்று. அதன் கொம்யூன்கள் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் சிதறிக் கிடந்தன. இன்றும் பாகூர் கொம்யூனிலுள்ள பிள்ளையார்குப்பத்திலிருந்து கடலூர் சாலையில் புதுச்சேரி நகருக்குச் செல்பவர், இடையில் ரெட்டிச்சாவடியில் தமிழ்நாட்டு எல்லைக்குள் புகுந்தே செல்ல வேண்டும். கிராமத்து நெல் நகருக்குப் போவதும், நகரத்துச் சரக்கு கிராமத்துக்கு வருவதும் இப்படி அயல் எல்லையைக் கடந்துதான்.

சுங்க உடன்பாடும் முறிவும்

1941-இல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் சுங்க ஒன்றிய உடன்பாடு செய்துகொண்டதால், இந்த எல்லை வணிகத்துக்குத் தடையாக இருக்கவில்லை. 1949-இல் இந்தியா அந்த உடன்பாட்டை முடித்துக்கொண்டது. எல்லையில் சுங்கச் சோதனை வந்தது. கூடவே கடத்தலும் பெருகியது. துறைமுகத்தில் இறங்கிய தங்கமும் வைரமும் இந்தியாவுக்குள் கடத்தப்பட்டன. தடையால் சிலர் செல்வம் சேர்த்தனர். அன்றாடப் பொருளுக்கு எல்லை தாண்ட வேண்டிய ஏழைகளே அல்லல்பட்டனர்.

1954: பிடி இறுகுதல்

1954-இல் எல்லை கடக்க அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. பிரெஞ்சுக் காவலர்கள் இந்திய நிலத்தின் வழியே ஒரு கொம்யூனிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதும் தடுக்கப்பட்டது. இதனால் நகரிலிருந்து துண்டான கொம்யூன்களில் ஆட்சி வலுவிழந்தது. மார்ச் 31-இல் எதுவார் குபேர் தலைமையில் நெட்டப்பாக்கம் விடுதலை அறிவித்தது.

தடை மட்டுமே இதைச் சாதிக்கவில்லை. வ. சுப்பையா போன்றோர் வளர்த்த மக்கள் இயக்கம் உள்ளே இருந்தது. மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் தோற்ற பிரான்சு, குடியேற்றங்களைக் கட்டிக்காக்கும் வலிமையையும் இழந்திருந்தது. 1962 முதல் கியூபா மீது அமெரிக்கா விதித்த தடை, ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அங்கே ஆட்சியை மாற்றவில்லை என்பதை இதனுடன் ஒப்பிடலாம். சோவியத் ஒன்றியம் போன்ற நாடுகளுடன் கியூபா கடல்வழியே வணிகம் செய்ய முடிந்தது. புதுச்சேரி நகருக்கும் கடல் இருந்தது. ஆனால் நெட்டப்பாக்கம் போன்ற உள்நாட்டுக் கொம்யூன்களுக்குச் சாலையைத் தவிர வேறு வழியில்லை.

முடிவு

1954 அக்டோபர் 18-இல் வில்லியனூரை அடுத்த கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-இல் நிறைவேறியது. இன்று ரெட்டிச்சாவடியில் யாரும் அனுமதிச் சீட்டு கேட்பதில்லை.