பழைய மோட்டாரும் பழுது காணும் முறையும்



மாத்தளையிலிருந்து எல்கடுவைக்கும் ரத்தோட்டைக்கும் ஏறிச் செல்லும் மலைப்பாதைகளிலே, தோட்டத்துரைமாருள் இளைஞர் சிலர் ஒரு காலத்தில் ஓட்டித் திரிந்த சிறிய மோட்டார் வண்டிகள் உண்டு. தாழ்ந்த உடலும் நீண்ட முகப்பும் உடையன. இருவர் மட்டுமே அமரத்தக்கன. அவற்றுள் பெயர் பெற்றது எம்.ஜி. என்பது. ஒக்ஸ்போட் நகரின் மொறிஸ் கராஜ் என்ற தொழிலகத்தின் முதலெழுத்துக்களே அப்பெயராயின. 1929 முதல் 1980 வரை அபிங்டன் என்னும் சிற்றூரிலே இவ்வண்டிகள் செய்யப்பட்டன. நுவரெலியாவில் 1930களிலே தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் போன்றவை நம் நாட்டில் இத்தகைய வண்டிகள் மீதான மோகத்தை வளர்த்தன. அவற்றின் வேகத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. மார்கழி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அவை புறப்பட மறுக்கும்போது காரணத்தை எவ்வாறு காண்பது என்பதே என் பொருள். இதனை வரலாற்று ஆசிரியன் ஒருவன் பேசுவதேன் என்று நீங்கள் கேட்கலாம். வண்டி பிறந்த ஆண்டை அறியாமல் அதன் நோயை அறிய முடியாது என்பதே என் விடை.

ஆதியில் மோட்டாரைக் கைப்பிடியால் சுழற்றியே இயக்கினர். இயந்திரம் சில வேளை எதிர்ப்புறமாக உதைக்கும், மணிக்கட்டு முறியும். அமெரிக்கராகிய சார்ள்ஸ் கெற்றறிங் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் முன்னர் கடைகளில் பணம் பதியும் பொறிக்குச் சிறியதொரு மின்மோட்டாரை அமைத்தவர். நாள் முழுதும் உழைக்கும் மோட்டாராயின் பெரிதாக இருக்க வேண்டும். சில கணங்கள் மட்டும் முழு வலுவோடு உழைப்பதற்குச் சிறியதே போதும் என்பதை அத்தொழிலில் அவர் கண்டிருந்தார். 1912ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் வண்டிகளிலே அவருடைய மின் ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டது. ஸ்டார்ட்டருக்குப் பற்றரி வேண்டும்; பற்றரியை நிரப்ப டைனமோ வேண்டும்; மின்சாரம் கிடைத்தபின் விளக்குகளும் அதனையே நாடின. இவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்த அமைப்பாதலின், ஓரிடத்துப் பழுது வேறோரிடத்திலே தலைகாட்டும்.

பிரித்தானிய வண்டிகளுக்கு இவ்வுறுப்புக்களைப் பெரும்பாலும் அளித்தது பேர்மிங்காம் நகரத்து லூக்காஸ் நிறுவனம். அதனை ‘இருளின் இளவரசன்’ என்று மோட்டார்ப் பிரியர்கள் கேலி செய்வதுண்டு. அக்கேலி முழுதும் நியாயமானதென்று நான் எண்ணவில்லை. அறுபது ஆண்டு மழையில் நனைந்த வயருக்கு எந்த நிறுவனம்தான் பொறுப்பேற்கும்? உண்மையில் அவர்கள் வயர்களுக்கு இட்ட நிறங்களே இன்றும் பழுது காண்பார்க்கு வழிகாட்டி. பற்றரியிலிருந்து நேரே வருவது கபில நிறம், சாவி திருப்பியபின் உயிர் பெறுவது வெள்ளை, பியூஸ் கடந்து வருவது பச்சை, ஏர்த் கறுப்பு.

இந்த ஏர்த்திலேதான் பெரியதொரு சிக்கல் உண்டு. பற்றரியின் ஒரு முனை வண்டியின் இரும்புடலோடு இணைக்கப்படும். 1930களிலிருந்து பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் நேர்முனையே அவ்வாறு இணைக்கப்பட்டது. முனைகளில் அரிப்புக் குறையும், பிளக்கில் பொறி எளிதிற் பாயும் என்பன அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். 1960களிலே அவ்வழக்கம் மாறி, மறைமுனை ஏர்த் ஆயிற்று. 1955 முதல் 1962 வரை செய்யப்பட்ட எம்.ஜி.ஏ. வண்டிகள் யாவும் நேர்முனை ஏர்த் உடையன. 1962இல் வந்த எம்.ஜி.பி. வண்டியோ 1967இன் இறுதிப்பகுதியில் மாறிற்று; டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, ஏர்த்தும் மாறியது. பெயர் ஒன்று, உருவமும் ஏறக்குறைய ஒன்று. உள்ளே ஓடும் மின்சாரத்தின் திசை வேறு.

நம் நாட்டிலே 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டன. 1977இல் பொருளாதாரம் திறந்து விடப்படும்வரை, பெரும்பாலும் முன்னரே வந்திருந்த வண்டிகளைக் கொண்டே நாடு காலம் கழித்தது. அவற்றைக் காத்தவர்கள் சிறு கராஜ்களின் பாஸ்மார். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற அச்சொல்லுக்கு அவர்கள் உரியவர்களே. பன்னிரண்டு வோல்ற் பல்பு ஒன்றும் இரண்டு முழ வயருமே அவர்களின் சோதனைக் கருவி. 1977க்குப் பின் ஜப்பானிய வண்டிகள் பெருகின. அவற்றில் மறைமுனை ஏர்த். அவற்றிலே தொழில் பழகிய தலைமுறைக்குக் கறுப்பு வயர் என்றால் மறைமுனை என்பது கைப்பழக்கமாயிற்று.

அதன் விளைவை நான் கண்டதுண்டு. ரத்தோட்டைப் பக்கத்து அன்பர் ஒருவருடைய எம்.ஜி.ஏ. வண்டிக்குப் புதிய பற்றரி இடப்பட்டது. அவ்வண்டியில் ஆறு வோல்ற் பற்றரிகள் இரண்டு, இருக்கைகளுக்குப் பின்னே கண்ணுக்கு மறைவாக இருப்பன. இட்டவர் இளைஞர், நல்ல தொழிலாளி, பழக்கப்படி மறைமுனையை உடலோடு இணைத்துவிட்டார். வண்டி புறப்பட்டது! அதுதான் ஏமாற்றம். ஸ்டார்ட்டருக்கு முனை மாறினாலும் சுழற்சி மாறாது, விளக்குக்கும் வேறுபாடில்லை. டைனமோவுக்கோ தன் பழைய முனை நினைவிலிருக்கும். அது பற்றரிக்கு எதிராக மின்சாரத்தைச் செலுத்த, கட்டுப்பாட்டுப் பெட்டியின் தொடுமுனைகள் கருகின. மறுநாள் வண்டி அசையவில்லை.

மாத்தளையிலிருந்து மூத்த பாஸ் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் மூடியைத் திறக்குமுன்னே கேட்டது ஒன்றுதான். “ஐயா, இது எந்த வருசத்து வண்டி?”

ஆண்டைக் கேட்டபின் அவர் சென்ற வழி ஒழுங்கானது. முதலில் முன்விளக்கை எரியவிட்டு ஸ்டார்ட்டரை இழுக்கச் செய்தார். விளக்கு மங்கி அணைந்தால் பற்றரியிலோ அதன் முனைகளிலோ குறை. விளக்கு அசையாமல் ஒளிர்ந்தால் சுவிட்சிலோ ஸ்டார்ட்டரிலோ குறை. இங்கும் ஆண்டு பேசும். எம்.ஜி.பி.யில் சாவியைத் திருப்ப ‘டக்’ என்ற ஒலி கேட்கும், எம்.ஜி.ஏ.யில் குமிழை இழுத்தால் கம்பி நேரே சுவிட்சை இயக்குவதால் அவ்வொலியைத் தேடுவது வீண். ஸ்டார்ட்டரின் பற்சக்கரம் சிக்கிக் கொண்டால், வண்டியை கியரில் இட்டு முன்னும் பின்னும் அசைத்தே விடுவிப்பர்.

இயந்திரம் இறப்பரின் மேல் அமர்ந்திருப்பதால், அதனை உடலோடு இணைக்கும் பின்னல் வயர் ஒன்று உண்டு. அது அறுந்தால் மின்சாரம் வேறு வழி தேடி, மெல்லிய சோக் கம்பியினூடாகப் பாயும், கம்பி சுடும். பாஸ் அக்கம்பியைத் தொட்டுப் பார்த்தார்; குளிர்ந்திருந்தது. பின்னர் சாவியைத் திருப்பிச் செவிசாய்த்தார். பெற்றோல் பம்ப் ‘டிக் டிக்’ என்று அடித்து ஓய வேண்டும். அடிக்காவிட்டால் மெதுவாகத் தட்டுவார்கள். ஓயாமல் அடித்தால் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது. மழைநாளிலே பொறி பகிரும் மூடியின் உட்புறம் ஈரம் படியும். உலர்ந்த துணியே அதற்கு மருந்து. பொயின்ற் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. தபாலட்டையின் தடிப்பை ஒத்த இடைவெளி.

அவ்வண்டியில் இவை யாவும் நலமாயிருந்தன. பற்றரி மட்டும் வற்றியிருந்தது. பெட்டியைத் திறந்ததும் கருகல் மணம் வந்தது. புதிய பெட்டி தேடி அலையவில்லை. அதே வகைப் பெட்டியை லூக்காஸ் மொறிஸ் மைனருக்கும் அளித்திருந்ததால், கழித்துப் போட்ட மைனர் ஒன்றிலிருந்து கழற்றி வந்தார். பற்றரிகளைத் திருப்பி, நேர்முனையை உடலோடு இணைத்து, பற்றரியின் உயிர்வயரால் டைனமோவின் சிறு முனையைக் கணநேரம் தொட்டு அதன் முனைகளை உறுதி செய்தார். இயந்திரம் வேகம் பெற்றதும் முகப்புப் பலகையின் சிவப்பு விளக்கு அணைந்தது. அவ்விளக்கு டைனமோவுக்கும் பற்றரிக்கும் நடுவே இருப்பது. இரு பக்கமும் சமனானால் அதில் மின்சாரம் ஓடாது.

போகுமுன், பற்றரிப் பெட்டியின் மூடியிலே வெள்ளைப் பெயின்ற்றால் இரண்டே சொற்கள் எழுதினார்: ‘நேர்முனை ஏர்த்’. அருகிலே 1958 என்ற ஆண்டையும் குறித்து வைத்தார்.